அந்த மாமாவையும் கூட்டிக்கிட்டு வாங்க

கிலுகிலு சாருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலில் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் குழந்தைகள் நல மையத்தில் பதினோரு வருடமாக அந்தப் பெயரை யாரும் தொந்தரவு செய்ததில்லை. தடுப்பூசி போட வரும் தாய்மார்களிலிருந்து வாசலில் டோக்கன் கொடுக்கிற காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் கிலுகிலு சார்தான். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை, அந்த மீசைக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் கையில் ஒரு கிலுகிலுப்பை. வேறென்ன பெயர் வைப்பார்கள்?

வேலை இதுதான். தடுப்பூசி அறைக்குப் பக்கத்து அறையில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அந்தந்த வயதுக்கு உண்டானதைச் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கழுத்து நிற்கிறதா, தவழ்கிறதா, கேட்டதை எடுத்துக் கொடுக்கிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா, எத்தனை சொல் பேசுகிறது. அதற்காக அவரிடம் ஒரு நீலப் பெட்டி. எட்டு மரக்கட்டைகள், ஒரு சிவப்பு நூல்பந்து, ஒற்றைக் கையோடு ஒரு பொம்மை, ஒரு கிரேயான், வாய் குறுகிய சின்னப் புட்டியில் நாலைந்து உலர்ந்த திராட்சை. புட்டியைக் கவிழ்த்தால் திராட்சை விழும் என்று குழந்தைக்குத் தெரிகிறதா என்பது பரிசோதனை. சாயங்காலத்துக்குள் புட்டி காலியாகிவிடும். குழந்தைகள் தின்றுவிட்டதாக அவர் சொல்வார். மீசையில் ஒட்டியிருக்கும் துணுக்கு வேறு கதை சொல்லும்.

எதிலாவது குழந்தை பின்தங்கியிருந்தால் டாக்டரிடமோ, கண் பார்க்கும் அறைக்கோ, காது பார்க்கும் அறைக்கோ சீட்டு எழுதி அனுப்புவார். சீக்கிரம் தெரிந்தால் பாதிக் கவலை அப்போதே தீர்ந்தது என்பது அவர் கட்சி. "இது பரீட்சை இல்லைங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வார். யார் கேட்டார்கள்? மூக்கு எங்கே என்று குழந்தையிடம் கேட்டால், பின்னால் நிற்கிற அத்தை தன் மூக்கைப் பிடித்துக் காட்டுவாள். கட்டையை அடுக்கச் சொன்னால் அப்பாக்காரர் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டு முட்டுக் கொடுப்பார். ஒரு அம்மா, மூன்றாவது பிள்ளைக்கு வந்தவர், போன வருஷக் கேள்வித்தாள் கிடைக்குமா என்றே கேட்டுவிட்டார். இவர்கள் எல்லோரையும் கையும் களவுமாகப் பிடிப்பதில் கிலுகிலு சாருக்கு ஒரு தனி சந்தோஷம். பிடித்துவிட்டுத் திட்டவும் மாட்டார். மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "அத்தைக்கு மூக்கு இருக்குன்னு எழுதிக்கிட்டேன். இப்ப பாப்பாவக் கேப்போம்" என்பார்.

எல்லாப் பித்தலாட்டத்துக்கும் மேலே ஒன்று உண்டு. அதுதான் மாமா. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று இவர் மெதுவாக ஆரம்பித்தால் போதும், உடனே ஒரு மாமா வந்து குதித்துவிடுவார். "இவன் மாமாவும் இப்படித்தான் சார், நாலு வயசுலதான் பேசினான், இப்ப வக்கீலா இருக்கான்." எந்தக் குடும்பத்தைத் தொட்டாலும் இந்த மாமா இருக்கிறார். அவர் லேட்டாகப் பேசியிருப்பார், இப்போது நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பார். கிலுகிலு சார் இதற்கென்றே ஒரு பதில் வைத்திருந்தார். "ரொம்ப நல்லது. அந்த மாமாவையும் கூட்டிக்கிட்டு வாங்க, சேர்த்தே பார்த்துடலாம்." சொன்னதும் அறையில் சிரிப்பு கிளம்பும். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் இவர் சீட்டை எழுதிக் கையில் திணித்துவிடுவார்.

காது கேட்கிறதா என்பதையும் அவர்தான் முதலில் பார்ப்பார். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய், இடது கையால் ஒரு தடவை, வலது கையால் ஒரு தடவை கிலுகிலுப்பையை ஆட்டுவார். குழந்தை திரும்புகிறதா என்று கவனிப்பார். இடது கையில் அது கிசுகிசுக்கும். வலது கைக்கு மாறியதும் அறையே அதிரும். "வலது கைக்கு மட்டும் ஆவேசம் வந்துடுதா சார்?" என்று ஊசி போடும் நர்ஸ் கதவுக்கு அந்தப்பக்கமிருந்து கேட்பார். கிலுகிலு சார் பதில் சொல்ல மாட்டார். நர்ஸ் கேட்ட பக்கம் அவருடைய வலது பக்கம். அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

இப்படி ஊரார் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு பெரிய கவலையாக வந்து சேர்ந்தவன் அவருடைய தங்கை மகன்.

பையனுக்கு இரண்டு வயது ஒரு மாதம். ஓடுவான், ஏறுவான், ஃப்ரிட்ஜைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடியும் வைப்பான். எட்டுக் கட்டை என்ன, பத்துக் கட்டை அடுக்குவான். பேச்சு மட்டும் இல்லை. மொத்தம் இரண்டே சொற்கள். ஒன்று 'ம்'. இன்னொன்றும் 'ம்', கொஞ்சம் நீட்டி. வருஷம் முழுக்க மூக்கில் சளி. வீட்டில் செல்லமாக மௌனசாமி என்று கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டால் திரும்புகிறானா என்றால், திரும்புவான். யார் கூப்பிட்டால்? தாத்தா கூப்பிட்டால். கிலுகிலு சாரின் அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றபோது பையையும் விசிலையும் திருப்பிக் கொடுத்தார், தொண்டையைக் கொடுக்கவில்லை. அவர் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டில் எடுத்து வைப்பார்கள். அவர் "டேய்" என்றால் மௌனசாமி மட்டுமா, தெருவில் போகிற சைக்கிள்காரரே காலை ஊன்றிவிட்டுத் திரும்புவார். "பாத்தியா, நல்லாத்தானே கேக்குது" என்று தங்கை அத்தோடு முடித்துவிடுவாள்.

கிலுகிலு சார் இரண்டு மாதமாக ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார். பையனை ஒரு தடவை மையத்துக்குக் கூட்டி வா, காதை மட்டுமாவது பார்த்துவிடலாம் என்றார். தங்கை தபால் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பதில் சொல்லிப் பழகியவள், பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. போதாக்குறைக்கு அப்பா இருந்தார். அவரிடம் ஒரு மாமா கதை இருந்தது.

"இவன் மூணரை வயசு வரைக்கும் வாயே தொறக்கல. ஊமைன்னே நெனச்சோம். ஒருநாள் நான் டூட்டிக்குக் கெளம்பறேன், திடீர்னு 'ரைட்'னு கத்தினான். அதுதான் இவன் பேசின மொத வார்த்தை. இப்ப என்ன கொறைஞ்சுபோச்சு, ஆபீசர் மாதிரி இல்ல?"

அந்த 'இவன்' வேறு யாருமில்லை, கிலுகிலு சார்தான். எந்த மாமாவை வைத்துப் பதினோரு வருடம் ஊரைச் சிரிக்க வைத்தாரோ, அந்த மாமாவாகத் தன் வீட்டுக் கூடத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வேறு, "இப்ப மட்டும் மச்சான் என்ன பெரிசாப் பேசறாரு" என்று எடுத்துக் கொடுத்தார்.

நேராகக் கேட்டு நடக்கவில்லை என்றதும் மனிதர் திருட்டு வழியில் இறங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. கால்சட்டைப் பைகளில் கிலுகிலுப்பை, புட்டி, நூல்பந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு போனார். உட்காரும்போதெல்லாம் உள்ளே ஏதோ குலுங்கியது. மனைவி இடது பக்கம் குனிந்து, பையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். சாவி என்று சொல்லிவிட்டார்.

சாப்பிட்டு எல்லோரும் கண்ணசந்த நேரம். பையன் கூடத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். கிலுகிலு சார் பின்னால் மண்டியிட்டு நகர்ந்து, சாதாரணக் குரலில் அவனைக் கூப்பிட்டார். திரும்பவில்லை. காகிதத்தைக் கசக்கினார். திரும்பவில்லை. இடது கையால் கிலுகிலுப்பையை லேசாக ஆட்டினார். பையன் ஒன்பதாவது கட்டையை நிதானமாக வைத்தான். இன்னொரு தடவை ஆட்டலாம் என்று கையைத் தூக்கியபோது, வாசற்படியில் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஊர்ல இருக்கிற புள்ளைங்க பத்தலையா உனக்கு?"

அசடு வழிந்துகொண்டே எழுந்தார். பையிலிருந்து புட்டி வேறு உருண்டு விழுந்தது. அவள் கத்தவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். எல்லாரையும் அந்த மாமாவைக் கூட்டி வா என்கிறாயே, நீதானே அந்த மாமா, உன்னை யார் பார்த்தார்கள் என்றாள். "மொதல்ல நீ போய் காது மெஷின்ல உக்காரு. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். உனக்கு ஒண்ணுமில்லேன்னு வந்துச்சுன்னா, லேட்டாப் பேசினதால யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னு அர்த்தம். அப்புறம் என் புள்ள பக்கம் இந்த டப்பாவோட வரக்கூடாது. ஏதாவது இருக்குன்னா சொல்லு, அன்னைக்கே அவனை உக்கார வைக்கிறேன்."

கிலுகிலு சார் சரி என்றுவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் அவர் ஜெயிப்பார், பையன் தோற்பான். இரண்டு வயது போய் மூன்றாகும், பேச்சு வர வேண்டிய காலம் சும்மா போகும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவருக்குக் காது கேட்கக் கூடாது.

பரிசோதனைக்குக் குறித்த செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் யோசித்து ஒரு திட்டம் போட்டார். காது பார்க்கும் அறையில் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். இடது காதுக்கு யோக்கியமாக அழுத்திவிடுவது. வலது காதுக்குக் கேட்டாலும் கேட்காத மாதிரி மரமாக உட்கார்ந்துவிடுவது. திருட்டு அத்தைகளையும் மேஜைக்கடி அப்பாக்களையும் பிடித்துப் பிடித்து மீசை வளர்த்தவர், இப்போது தானே பித்தலாட்டம் பண்ணப் போகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையன் ஒன்பதாவது கட்டையை வைத்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

காது பார்க்கும் அம்மாளை மையத்தில் காது மேடம் என்பார்கள். குட்டையான ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி, பொய்யை மோப்பம் பிடிப்பதில் கிலுகிலு சாருக்கே அக்கா. தங்கை லீவு போட்டுவிட்டு, விட்டுவிட்டு வர ஆளில்லாமல் பையனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். கிலுகிலு சார் அந்தச் சின்னப் பெட்டி அறைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

இடது காது. கீச், அழுத்தினார். பூம், அழுத்தினார். எறும்பு நடக்கிற மாதிரி ஒன்று வந்தது, அதற்கும் அழுத்தினார்.

வலது காது. கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து தள்ளி வைத்தார். எந்தச் சத்தம் வந்தாலும் அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சத்தம் வரவில்லை. காது மேடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். இன்னும் காத்திருந்தார். ஏமாற்றுவதற்குக்கூட ஏதாவது வந்தால்தானே ஏமாற்ற முடியும்? மிஷினில் கோளாறு என்று முடிவு செய்து கண்ணைத் திறந்தால், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் காது மேடத்தின் விரல் மும்முரமாகத் திருகிக்கொண்டிருந்தது. கடைசியில் எங்கோ தூரத்தில் யாரோ ஈயப் பாத்திரத்தைத் தட்டுவது போல ஒன்று கேட்டது. திட்டத்தை மறந்து அழுத்திவிட்டார்.

காது மேடம் கதவைத் திறந்தார். "எத்தனை நாளா இப்படி?"

"இல்ல மேடம், நான் வேணும்னேதான் அழுத்தல" என்றார் கிலுகிலு சார். உண்மையை ஒப்புக்கொள்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"என் காதுல பூ சுத்தாதீங்க. வேணும்னு அழுத்தாதவனையும் கேக்காம அழுத்தாதவனையும் எனக்குத் தெரியாதா? நடிக்கிறவனுக்குச் சத்தம் வரும்போது மூடின இமையும் துடிக்கும். நீங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க."

பிறகு பொத்தானே தேவைப்படாத இன்னொரு மிஷினைக் கொண்டு வந்தார். ரப்பர் முனையைக் காதில் வைத்தால் போதும், செவிப்பறை எப்படி அசைகிறது என்று அதுவே கோடு போட்டுவிடும். இடது காதுக்கு மலை மாதிரி ஒரு கோடு ஏறி இறங்கியது. வலது காதுக்குத் தரையோடு தரையாக ஓடியது. சின்ன வயதில் இரண்டு காதிலும் நீர் கட்டியிருக்கும், ஒன்று தானாகச் சரியாகிவிட்டது, இன்னொன்றில் பறை உள்ளே ஒட்டிக்கொண்டது என்றார் காது மேடம். நீர் கட்டியிருந்த காலத்தில் எதுவும் சரியாகக் கேட்டிருக்காது, பேச்சு எப்படி வரும், யாராவது காது கிழிகிற மாதிரி கத்தினால்தான் கேட்டிருக்கும் என்றார்.

கிலுகிலு சாருக்கு, அப்பா டூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் கத்துகிற 'ரைட்' ஞாபகம் வந்தது. நாற்பது வருடமாகக் குடும்பமே சிரித்த கதை. மூன்றரை வயது வரைக்கும் அவர் காதுக்குள் வந்து சேர்ந்த ஒரே வார்த்தை அதுவாக இருந்திருக்கிறது.

தங்கை அவளாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டாள். காது மேடம் ரப்பர் முனையை வைத்தார். பையன் அவர் கண்ணாடியைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தான். மிஷின் வலது காதுக்கு ஒரு கோடு போட்டது, இடது காதுக்கு ஒரு கோடு. இரண்டும் தரையோடு தரையாக ஓடின.

"எனக்குப் பயமா இருந்துச்சு அண்ணா" என்றாள் தங்கை. "அவங்க வீட்ல ஏற்கெனவே கேக்கறாங்க, ஏன் பேசலேன்னு. ஏதாவது இருக்குன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் அது நெஜமாயிடுமேன்னு."

"இது சரி பண்ணக்கூடியது. நேரத்தோட வந்துட்ட" என்றார் அவர். எத்தனையோ அம்மாக்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை சொல்லிவிட்டுப் பையனின் மூக்கைத் துடைத்துவிட்டார்.

காது மேடம் விடவில்லை. நீங்கள் எந்தக் கையால் கிலுகிலுப்பையை ஆட்டுவீர்கள் என்று கேட்டார். இரண்டு கையாலும் என்று சொல்ல வாயெடுத்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தனக்குக் கேட்கிற அளவுக்குத்தானே இத்தனை வருடமும் வலது கையை ஆட்டியிருக்கிறார்! வலது காது மந்தமான பிள்ளை எது வந்திருந்தாலும் அந்த ஆட்டலுக்குத் திரும்பியிருக்கும். அன்றைக்கே தலைமை டாக்டரிடம் போய்த் தானாகச் சொன்னார். பழைய படிவங்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்து, தங்கள் முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் வலது காது மந்தம். எந்நேரமும் கவனிக்காத பிள்ளை என்று அவளை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் அம்மா இவரைத் திட்டவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிலுகிலுப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, காது மேடம் கொடுத்த, எந்தக் கையால் அழுத்தினாலும் ஒரே சத்தம் போடுகிற சின்னக் கருவிக்கு மாறினார். பெயர் மட்டும் மாறவில்லை.

வீட்டில் நடந்தது வேறு. அவருக்கு வலது காது மந்தம், காதுக் கருவி வரப்போகிறது என்று கேட்டதும் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏதாவது ஆக வேண்டியிருந்தால் இடது பக்கம் வந்து சொல்வாள். மனசு வெந்து திட்ட வேண்டியிருந்தால் வலது பக்கம் நின்று திட்டுவாள். என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசாத தங்கமான மனுஷர் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசியிருந்தாள். கருவி எப்போது வரும் என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றார். அந்த ஒரு வாரமும் வலது பக்கத்தில் ஓயாமல் முணுமுணுப்பு நடந்தது.

பையனுக்கு முதலில் மருந்து கொடுத்து மூன்று மாதம் பார்த்தார்கள். காதில் கட்டியிருந்த நீர் வற்றவில்லை. பிறகு காது டாக்டர் இரண்டு செவிப்பறையிலும் நீர் வடிய அரிசி அளவுகூட இல்லாத குழாயை வைத்துவிட்டார். காலையில் போனார்கள், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த வாரம்தான் கிலுகிலு சாரின் காதுக் கருவி பழுதென்று திரும்பப் போயிருந்தது. மனைவிக்கு இன்னொரு வாரம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தங்கை வீட்டில் இருந்தார்கள். பையன் கூடத்தில் வழக்கம்போலக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே வாசலிலிருந்து, முப்பத்திரண்டு வருட அனுபவத்தோடு, "டேய் மௌனசாமி" என்றார்.

பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். முகம் கோணி அழுகை வந்துவிட்டது.

தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இத்தனை நாளும் அந்தக் குரலைக் கேட்டு ஓடி வந்த பிள்ளை. மெதுவாக நடந்து வந்து, பையனுக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்தார். பையன் அழுகையை விட்டுவிட்டு மறுபடி கட்டையை எடுத்தான். கிலுகிலு சார் அந்தச் சுவருக்கு வலது தோளைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். இடது பக்கம் மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் உதடு அசைவது அவருக்குத் தெரிந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

பையன் கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னப்பா சொன்னீங்க?" என்றார் கிலுகிலு சார்.

"ரைட்னேன்" என்றார் அப்பா. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள் தங்கை.

பையன் முதுகைக் காட்டித் திரும்பிக் கட்டையை வைக்கும் வரைக்கும் அப்பா காத்திருந்தார். பிறகு முன்னைவிட மெதுவாகச் சொன்னார். பையன் அதற்கும் திரும்பினான்.